கைக்குத் தெரியாத ஒரு வேலை

மஞ்சக்குப்பத்தில் கைகாட்டி சார் வீடு எது என்று கேட்டால் யாரும் சொல்லிவிடுவார்கள். அவருடைய சொந்தப் பெயர் தேவநாதன். பள்ளிக்கூடத்தில் புவியியல் ஆசிரியர். வலது கையின் நடுவிரலும் மோதிர விரலும் அவருக்கு மடங்காது. கோபம் வந்து கையை மூடினாலும் அந்த இரண்டு மட்டும் நீட்டிக்கொண்டு எதையாவது காட்டும். வகுப்பில் அவர் பசிபிக் பெருங்கடலைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருப்பார். விரல்கள் சைக்கிள் நிறுத்துமிடத்தைக் காட்டும். பிள்ளைகள் எல்லோரும் சைக்கிள் நிறுத்துமிடத்தைப் பார்ப்பார்கள்.

விரல்கள் போனது பலாப்பழத்தால். தலை ஆடிக்குப் பண்ருட்டியில் மாமனார் வீட்டுக்கு விருந்துக்குப் போன புது மாப்பிள்ளை, மைத்துனிகள் பார்த்துக்கொண்டிருக்கிறார்களே என்று கத்தியைத் தானே வாங்கிக்கொண்டார். எண்ணெய் தடவிய கை வழுக்கியது. உள்ளங்கையில் குறுக்காக ஒரு கோடு விழுந்தது. மாமனார் துடித்துப்போனார்.

"ஐயோ மாப்பிள்ளை, என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்லை மாமா. சும்மா கீறல்."

விருந்துக்குப் போன வீட்டில் மாமனாரைக் கலங்கவைக்கக் கூடாது அல்லவா? காப்பித்தூளை வைத்துக் கட்டினார்கள். புண் ஆறியது, விரல் மடங்கவில்லை. பொங்கலுக்கு மாமனார் விசாரித்தபோதும் "ஒண்ணுமில்லை மாமா" என்றார். ஒரு முறை சொல்லிவிட்டதை எப்படி மாற்றுவது? டாக்டரிடம் போனால் செய்தி பண்ருட்டிக்குப் போய்விடும். மாமனாரின் காலம் முடிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப் போட்டார். மாமனாரோ நல்ல தேகபலம் உள்ளவர். தொண்ணூறைத் தாண்டி இருந்தார்.

மடங்காத விரல்களோடு எதையும் சமாளித்துவிடலாம், சோற்றைத் தவிர. ரசம் சாதத்தை அள்ளினால் நடுவில் இருக்கும் சந்து வழியாக முழங்கைக்கு ஓடிவிடும். கல்யாணமான புதிதில் அதைப் பார்த்த மனைவி செங்கமலம் தட்டைத் தன் பக்கம் இழுத்துப் பிசைந்து, உருட்டி, அவர் உள்ளங்கையில் வைத்தாள். அன்று தொடங்கியது. மகள் தாரகை பிறந்து, வளர்ந்து, பொறியியல் படித்து வேலைக்குப் போன பிறகும் அது நிற்கவில்லை. அவர் செய்தி பார்த்துக்கொண்டே கையை நீட்டுவார், உருண்டை வரும். நீட்ட மறந்தால் செங்கமலம் விரல் முட்டியால் மணிக்கட்டில் இரண்டு தட்டு தட்டுவாள்.

வெளியூர்க் கல்யாணங்களில் மட்டும் சிக்கல். "வயிறு சரியில்லை" என்று சொல்லிப் பந்தியில் உட்காராமல் வந்துவிடுவார். மாப்பிள்ளை வீட்டில் நடந்த தாரகையின் நிச்சயதார்த்தத்திலும் அதையே சொன்னார். அங்கேதான் வந்தது வினை.

மாப்பிள்ளையின் அப்பா கலியபெருமாள், ஓய்வுபெற்ற மோட்டார் வாகன ஆய்வாளர். தானே ஓடும் லாரிகள் வந்துவிட்ட பிறகும் அவற்றை நிறுத்தி லைசென்ஸ் கேட்டவர் என்று ஊரில் பேச்சு உண்டு. அவர் தாரகையிடம் நேராகவே கேட்டுவிட்டார்.

"ஏம்மா, உங்கப்பா எங்க வீட்ல தண்ணிகூடக் குடிக்கலையே. எங்க மேல ஏதாவது மனத்தாங்கலா?"

வீட்டுக்கு வந்ததும் தாரகை அழுதாள். "கல்யாணத்தன்னைக்கு சம்பந்தி ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல உட்கார்ந்து சாப்பிடணுமாம்ப்பா. அது அவங்க வழக்கம். நீங்க எழுந்து போனீங்கன்னா அவர் அதையே மனசுல வச்சுக்கிட்டிருப்பாரு. நான் அந்த வீட்டுலதானே இருக்கணும்?"

தேவநாதன் கையைப் பார்த்தார். இரண்டு விரல்களும் வாசல் கதவைக் காட்டின. மறுநாளே ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டார்.

கை அறுவை நிபுணர் மெஹருன்னிசாவுக்குச் சிரித்த முகம். உள்ளங்கைத் தழும்பை அழுத்தி அழுத்திப் பார்த்தார்.

"எந்த நரம்பு டாக்டர் போயிருக்கு?" என்றாள் செங்கமலம்.

"நரம்பு இல்லைம்மா, தசைநாண். கிணத்துக் கயிறு மாதிரி. மேல தசை இழுத்தா இது போய் விரலை மடக்கும். சாருக்குக் கயிறு அறுந்துபோச்சு. மேல்துண்டு சுருங்கி மணிக்கட்டுகிட்ட போய் ஒளிஞ்சுக்கிட்டிருக்கு. கயிறு ஓடின பாதையும் தூர்ந்துபோச்சு. அறுந்த அன்னைக்கே வந்திருந்தா ரெண்டு முனையையும் பிடிச்சுத் தச்சிருப்போம். ஏன் சார் வரலை?"

"மாமா வருத்தப்படுவாரேன்னு..."

"இப்ப அவர்?"

"போன வருஷம் தவறிட்டார்."

"சரி, இனிமே யார் வருத்தப்பட்டாலும் பரவாயில்லைன்னு ஒரு முடிவுக்கு வந்திருக்கீங்க" என்றார் டாக்டர். "ரெண்டு ஆபரேஷன். முதல்ல பாதையைத் திறந்து உள்ள ஒரு சிலிக்கான் குச்சி வச்சு மூடிடுவேன். பாதை மறுபடி அடைபடாம அது காவல் காக்கும். அதுக்குள்ள உங்க செல்லை எடுத்து வெளியில புது நாண் வளர்த்துடலாம். அப்புறம் குச்சியை உருவிட்டு நாணைக் கோத்துடலாம். ஆனா வளர்ந்தா மட்டும் போதாது. அதுக்கு வேலை தெரியணும்."

"வேலையா?"

"முன்னாடி மிஷின்ல மாட்டி இழுத்து இழுத்துப் பழக்கினோம். விரல் அருமையா மடங்குச்சு. மிஷின் மாதிரியே மடங்கிக்கிட்டே இருந்துச்சு. ஒருத்தர் கோயில்ல கை கூப்பப் போனார். கை விடாம தட்ட ஆரம்பிச்சிருச்சு. துக்க வீட்டுக்கும் அவரால போக முடியலை. அதனால இப்ப நாணை ஒரு ஜாடியில போட்டு வீட்டுக்கே குடுத்து அனுப்பிடறோம். வீட்ல ஒருத்தர் அதோட இணைச்ச கிளவுஸைப் போட்டுக்கிட்டு அவங்க வேலையைப் பார்த்தா போதும். அவங்க விரல் எப்படிப் போகுதோ, ஜாடிக்குள்ள நாணும் அப்படியே போகும்."

"அப்ப என் இடது கையிலேயே போட்டுக்கறேனே" என்றார் தேவநாதன்.

செங்கமலம் பதறிப்போனாள். "ஐயய்யோ! இடது கை என்னென்ன வேலை பார்க்குது! அதையெல்லாம் கத்துக்கிட்டு வந்து சோத்துல கை வைக்குமா?"

டாக்டர் சிரிப்பை அடக்கக் கோப்பைப் புரட்டினார். "அப்ப நீங்களே போட்டுக்குங்கம்மா, வலது கையில. எல்லா வேலையும் செய்யுங்க. முக்கியமா சாப்பாட்டு வேளையில மறந்துடாதீங்க. சாருக்கு வேண்டியது அதுதான்."

முதல் அறுவை முடிந்து சில வாரங்களில் ஜாடி வந்தது. ஊறுகாய் ஜாடி அளவு, இளஞ்சிவப்புத் தண்ணீர், உள்ளே இடியாப்ப இழையைவிடச் சற்றுத் தடித்த இரண்டு வெள்ளைக் கயிறுகள். செங்கமலம் பக்கத்து அறையில் வெங்காயம் நறுக்கினால் இங்கே கூடத்து அலமாரியில் அவை இழுபட்டுத் தளரும். நடுவிரலுக்கானதற்குப் பெரியவன் என்றும் மோதிர விரலுக்கானதற்குச் சின்னவன் என்றும் தாரகை பெயர் வைத்தாள்.

தெருவே வந்து பார்த்தது. பக்கத்து வீட்டு ரோசலின் வெறுங்கையோடு வருவது முறையில்லை என்று பழம் வாங்கி வந்தாள்.

"சின்னவன் கொஞ்சம் மெலிஞ்ச மாதிரி இருக்கேக்கா?"

"அவன் பிறந்ததிலேருந்தே அப்படித்தான். பெரியவன்தான் இழுத்துக்கிட்டு ஓடறான்."

கண்பட்டுவிடும் என்று செங்கமலம் ஜாடியின் பக்கவாட்டில் மையால் ஒரு பொட்டு வைத்தாள். ஜாடிக்குக் காது கேட்காது என்று தேவநாதன் எவ்வளவு சொல்லியும் கேளாமல், சண்டை வரும் தொடர்களை நிறுத்திவிட்டாள். அவர் மட்டும் தினமும் பள்ளிவிட்டு வந்ததும் ஜாடியின் முன்னால் நாற்காலியைப் போட்டு உட்காருவார். எனக்குள் வந்து குடியிருக்கப் போகிறவர்கள் என்று நினைக்கும்போது பெண் பார்க்கப் போன இடத்தில்கூட வராத கூச்சம் அவருக்கு வந்தது.

இரவுச் சாப்பாட்டுக்கு அவள் கையுறையோடுதான் பிசைவாள். அவர் கையை நீட்டுவார். உருண்டை வரும். அலமாரியில் பெரியவனும் சின்னவனும் குனிந்து நிமிர்வார்கள்.

இரண்டாவது அறுவையும் நல்லபடியாக நடந்தது. கட்டு, அப்புறம் தாங்குபட்டை, அப்புறம் பயிற்சி. கல்யாணத்துக்குச் சில நாள் முன்பு தாங்குபட்டையைக் கழற்றிவிட்டு டாக்டர் சொன்னார், "மடக்குங்க சார்."

விரல்கள் மடங்கின. நடுவிரலும் மோதிர விரலும் உள்ளங்கையைத் தொட்டன. தேவநாதனுக்குக் கண் நிறைந்துவிட்டது. அந்தக் கை உடனே டாக்டரின் புடவைத் தலைப்பை எட்டிப் பிடித்துக் கட்டைவிரலுக்கும் நடுவிரலுக்கும் நடுவில் வைத்து நெருடிப் பார்த்தது.

"பருத்திதான் சார், சிந்தெட்டிக் இல்லை" என்றார் டாக்டர் அசராமல். "நாண் ரெண்டுக்குத்தான் பழக்கினோம். ஆனா கைங்கறது கூட்டுக் குடும்பம். ரெண்டு பேர் கிளம்பினா மத்தவங்களும் பின்னாடியே போயிடுவாங்க. போகப்போக உங்க பேச்சைக் கேட்கும்."

போகப்போக என்பது எவ்வளவு நாள் என்று அவர் கேட்டுக்கொள்ளவில்லை. பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் வாங்கி வைத்திருந்த வெண்டைக்காயை அவர் கை ஒவ்வொன்றாக முனை ஒடித்துப் பார்த்தது. நடக்கும்போது வேட்டி முனையை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டது. பள்ளியில் தலைமையாசிரியர் புதுச் சட்டையில் வந்தார். தேவநாதனின் கை எழுந்து அவர் முகத்தைச் சுற்றி வழித்துத் தன் நெற்றிப்பொட்டில் வைத்துச் சொடுக்கியது. படபடவென்று சத்தம்.

"நல்ல கண்ணேறு சார்" என்றார் தேவநாதன், வேறு என்ன சொல்வதென்று தெரியாமல். தலைமையாசிரியர் அன்று முழுதும் சந்தோஷமாக இருந்தார்.

வீட்டில் செங்கமலம் சிரித்துச் சிரித்து ஓய்ந்தாள். "இந்தாங்க, இப்பவே ஒரு வாய் அள்ளிச் சாப்பிட்டுப் பாருங்களேன்."

"இல்லை. முதல் கவளம் தாரகை கல்யாணப் பந்தியிலதான். அதுவரைக்கும் நீயே குடு."

நேர்த்திக்கடன் போல அப்படி ஒரு பிடிவாதம். அன்றைய உருண்டை வழக்கத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக இருந்ததை அவர் கவனித்தார். இன்னும் சில நாள்தான் என்று அவளுக்கும் தோன்றியிருக்கும். இத்தனை வருஷப் பழக்கம் நின்றுவிடுமே என்று முதன்முறையாக அவர் நினைத்தார். செய்தியைச் சத்தமாக வைத்தார்.

முகூர்த்தம் முடிந்தது. முதல் பந்தியில் நடுநாயகமாகக் கலியபெருமாள், அவருக்கு வலப்புறம் தேவநாதன். எதிர் வரிசையில் மணமக்கள். தாரகையின் கண் அப்பாவின் கையைவிட்டு அகலவில்லை. பரிமாறிக்கொண்டிருந்த செங்கமலம் சாம்பார் வாளியோடு தூணருகே நின்றுவிட்டாள்.

"சாப்பிடலாமா சம்பந்தி?" என்றார் கலியபெருமாள். குரலில் ஒரு சோதனை இருந்தது.

"தாராளமா."

தேவநாதன் சோற்றில் கை வைத்தார். அடடா, என்ன பிசைவு! சாம்பார் ஒரு சொட்டு ஓடவில்லை. உருளைக்கிழங்கு வறுவலில் ஒரு துண்டை எடுத்து நடுவில் ஒளித்து வைத்துக் கை உருட்டியது. எலுமிச்சை அளவில் ஒரு கவளம், பார்க்கவே லட்சணம். தாரகை மூச்சை விட்டாள். கவளம் இலையை விட்டு எழுந்தது. தேவநாதன் வாயைத் திறந்தார்.

கை அவர் வாய்க்கு வரவில்லை. இடப்புறம் திரும்பிக் கலியபெருமாளின் முன்னால் போய் நின்றது.

தேவநாதன் இழுத்தார். வரவில்லை. வாயைக் கைக்குக் கொண்டுபோகலாம் என்று கழுத்தை நீட்டினார். கை இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனது. கலியபெருமாள் கவளத்தையும் தேவநாதனையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் கையை நீட்டாததால், விரல் முட்டி அவருடைய மணிக்கட்டில் இரண்டு தட்டு தட்டியது.

ஆயிரம் லாரிகளை நிறுத்திய மனிதர், உள்ளங்கையை விரித்தார். உருண்டை விழுந்தது. மண்டபம் சாப்பிடுவதை நிறுத்தியது. கலியபெருமாள் அதை வாயில் போட்டு மெதுவாக மென்றார். நடுவில் உருளைக்கிழங்கு அகப்பட்டதும் அவர் முகம் எப்படியோ ஆகிவிட்டது.

"உள்ளே வறுவல் வச்சிருக்கீங்க" என்றார்.

"எனக்கும் அது... எங்க வீட்ல அப்படித்தான்."

"எம் பையனோட அம்மா போனதுக்கப்புறம் எனக்கு யாரும் உருட்டிக் குடுத்ததில்லை சம்பந்தி." கண்ணைத் துண்டால் துடைத்துக்கொண்டு, ஆய்வாளர் குரலிலேயே சொன்னார், "அடுத்தது ரசத்துல."

பக்கத்தில் இருந்த மாப்பிள்ளையின் பெரியப்பா எட்டிப் பார்த்தார். "என்னய்யா, அவருக்கு மட்டும்தானா? பொண்ணோட அப்பா உருட்டிக் குடுக்கறது இவங்க பக்கத்து வழக்கம் போலிருக்கு. நல்ல வழக்கமா இருக்கே!" அவரும் கையை நீட்டினார். அவருக்கு அப்பால் இன்னும் ஒரு கை. பிறகு வரிசை நெடுக உள்ளங்கைகள். தேவநாதன் எழுந்து இலை இலையாகப் போகவேண்டியதாயிற்று. அடுத்த பந்திக்காரர்கள் தங்களுக்கு மட்டும் ஏன் இல்லை என்று கோபித்துக்கொண்டார்கள். அவர்களுக்கும் உருட்டினார். தாரகை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஊருக்கெல்லாம் சோறு போட்ட அந்தக் கை, சொந்தக்காரரின் வாய்ப் பக்கம் மட்டும் எட்டிப் பார்க்கவில்லை.

பசி காதை அடைக்க, அவர் சமையல்கட்டுப் பக்கம் ஒதுங்கினார். விருந்துக்கு வந்திருந்த மெஹருன்னிசா அங்கே செங்கமலத்தை விசாரித்துக்கொண்டிருந்தார்.

"சாப்பாட்டு வேளையில கிளவுஸ் போட்டீங்கதானே?"

"ஒருவேளைகூட விடலை டாக்டர். இவருக்குப் பிசைஞ்சு குடுத்து முடிக்கிறவரைக்கும் போட்டிருப்பேன்."

"அதுக்கப்புறம்?"

"கழட்டி அலசிக் காயப் போட்டுடுவேன்."

"நீங்க சாப்பிடும்போது?"

செங்கமலம் சிரித்தாள். "நான் என்ன டாக்டர் பெருசா சாப்பிடறேன். சட்டியில மிச்சம் இருக்கறதை அடுப்பங்கரையில நின்னுக்கிட்டே ரெண்டு வாய் போட்டுக்குவேன். அதுக்குப்போய் கிளவுஸ் எதுக்குன்னு..."

டாக்டர் தேவநாதனிடம் திரும்பினார். "நாண் மேல தப்பில்லை சார். பிசையும், உருட்டும், குடுக்கும். தன் வாய்க்குக் கொண்டுபோறதுன்னு ஒரு வேலை இருக்கறதே அதுக்குத் தெரியாது. பார்த்ததே இல்லை."

தேவநாதனும் பார்த்ததில்லை. செங்கமலம் எதை முதலில் தொடுவாள், ரசமா மோரா, அப்பளத்தை நொறுக்கிக்கொள்வாளா கடித்துக்கொள்வாளா, எதுவும் அவருக்குத் தெரியாது. உலகத்தின் நதிகளெல்லாம் எந்தக் கடலில் போய்ச் சேருகின்றன என்று அவரால் தூக்கத்தில்கூடச் சொல்ல முடியும்.

"சரிபண்ண முடியுமா டாக்டர்?" என்றாள் செங்கமலம் கலவரமாக.

"முடியும். கிளவுஸை இப்ப அவர் கையோடவே இணைச்சுத் தர்றேன். தினமும் போட்டுக்கிட்டு நீங்க சாப்பிடணும். உட்கார்ந்து, நிதானமா, சூடா. நின்னுக்கிட்டு ரெண்டு வாய் போட்டுக்கிட்டா அவர் கையும் ஆயுசுக்கும் நின்னுக்கிட்டேதான் சாப்பிடும், சொல்லிட்டேன்."

மகள் புகுந்த வீட்டுக்குப் போன மறுநாள், அந்தக் கூடத்தில் முதன்முறையாக இரண்டு தட்டுகள் எதிரெதிரே வைக்கப்பட்டன. தேவநாதன் செய்தியை நிறுத்தியிருந்தார். செங்கமலம் கையுறையோடு உட்கார்ந்தாள். உட்கார்ந்து இரண்டு முறை எழுந்தாள், அடுப்பை அணைத்தோமா என்று பார்க்க ஒரு முறை, ஒன்றுமில்லாமல் ஒரு முறை.

"பார்க்காதீங்க. எனக்குச் சாப்பிட வராது."

"பார்க்கலைம்மா. நீ சாப்பிடு."

அவள் பிசைந்தாள். அவர் கையும் பிசைந்தது. அவள் உருட்டினாள், அவர் கையும் உருட்டியது. அவள் கை எழுந்தது. பாதி தூரம் வந்து தயங்கி நின்று, பழகிய பாதையில் திரும்பி அவர் பக்கம் நீண்டுவிட்டது. அதே நேரத்தில் அவருடைய கையும் அவள் பக்கம் நீண்டது. இரண்டு கவளங்களும் நடுவழியில் இடித்துக்கொள்ளாமல் கடந்தன.

"தப்பாப் போகுதுங்க."

"போகட்டும். ஆறிடப்போகுது, வாங்கிக்கோ."

அவள் அப்பளத்தை நொறுக்குகிறவள் என்று அன்றைக்கு அவர் தெரிந்துகொண்டார். மோரை முதலில் ஊற்றிக்கொள்வாள் என்பதும் ஊறுகாயைக் கடைசிக்கென்று ஒதுக்கிவைப்பாள் என்பதும் அடுத்தடுத்த நாட்களில் தெரிந்தன. வாரங்கள் போயின. செங்கமலத்தின் கை மெல்ல மெல்லத் தன் வாய்க்கு வழி கண்டுபிடித்தது. எழுந்து எழுந்து அடுப்பங்கரைக்குப் போவதும் நின்றது. ஆனால் தேவநாதனின் கைதான் மக்காக இருந்தது. அவள் தனக்கென்று உருட்டிக்கொள்ளும்போதுகூட அவளுக்கே நீட்டியது. டாக்டர் மாதாமாதம் தொலைபேசியில் கேட்பார்.

"முன்னேற்றம் உண்டா சார்?"

"இல்லை டாக்டர். இன்னும் கொஞ்ச நாள் ஆகும் போலிருக்கு."

"ஆச்சரியமா இருக்கே. இந்நேரம் கத்துக்கிட்டிருக்கணுமே."

ஒரு ஞாயிற்றுக்கிழமை தாரகை தலை ஆடிக்கு வந்திருந்தாள். கூடவே கலியபெருமாளும், மருமகளைக் கொண்டுவந்து விடும் சாக்கில், உண்மையில் ரசம் சாதத்துக்காக. செங்கமலம் உள்ளே பரிமாற எடுத்துவைத்துக்கொண்டிருந்தாள். சாப்பிடக் கூப்பிட்டதும் எல்லோரும் வந்து உட்கார்ந்தார்கள். டாக்டரின் தொலைபேசி வந்தது.

"இல்லை டாக்டர், இன்னும் இல்லை" என்றார் தேவநாதன் அவசரமாக. வைத்துவிட்டுச் சோற்றைப் பிசைந்து, உருளைக்கிழங்கை நடுவில் ஒளித்து உருட்டி, கையைச் செங்கமலத்தின் பக்கம் நீட்டினார்.

அவள் வாங்கவில்லை. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கூடத்து மேசைமேல் தாரகை கொண்டுவந்த முறுக்கு டப்பா மூடி திறந்திருந்தது. அவருடைய மீசையின் வலது ஓரத்தில் எள்ளும் மாவுமாக முறுக்குத் தூள் ஒட்டியிருந்தது. அவருக்கு யாரும் ஊட்டிவிட்டிருக்கவில்லை.

செங்கமலம் முந்தானை முனையால் அதைத் துடைத்துவிட்டாள். பிறகு வாயைத் திறந்தாள்.